எண்வழி நடக்கும் நெருப்பு
(கணிப்பொறி கொண்டு தகடு வெட்டும் மேசையின் வரலாறு)

தொழிலாளியின் திறன் எங்கே குடிகொண்டிருக்கிறது? கையிலா, கண்ணிலா, கருத்திலா? தச்சனின் உளியையும் கொல்லனின் சம்மட்டியையும் கண்டவர் அது கையில் உள்ளதென்றே எண்ணினர். கைக்குப் பின்னே கண்ணும், கண்ணுக்குப் பின்னே பல்லாண்டுப் பழக்கமும் நிற்பதை உணர்ந்தவர் சிலரே. அத்திறனைக் கையினின்றும் பிரித்தெடுத்து, எண்களாக மாற்றி, எந்திரத்திற்கு ஊட்டி வேலை வாங்க இயலுமா என்று மனிதன் கேட்ட நாள்முதல் தொழில் வரலாற்றில் ஒரு புதிய அதிகாரம் தொடங்கிற்று.

அவ்வதிகாரத்தின் அண்மைக்கால ஏடுகள் பெரிய ஆலைகளில் மட்டும் எழுதப்படவில்லை. சிறு பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் எழுதப்பட்டு வருகின்றன. இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு மேசை. அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு குறுக்குப் பாலம். பாலத்தின்மேல் இடமும் வலமும் நகரும் ஒரு சிறு வண்டி. அவ்வண்டியில் பொருத்திய, டார்ச் என்று பட்டறைகளில் வழங்கும் வெட்டுக்குழல். ஓரத்தில் ஒரு பழைய கணிப்பொறி. கட்டளை பிறந்ததும் டார்ச்சின் வாயில் கண்ணைப் பறிக்கும் சுடர் தோன்றுகிறது. அச்சுடர் வட்டம் என்றால் வட்டமாகவும், மலர் என்றால் மலராகவும் எஃகுத் தகட்டைப் பிளந்து செல்கிறது. இம்மேசையைப் பலர் கடையில் வாங்குவதில்லை. தாமே சட்டம் வெல்டிங் செய்து, மோட்டார் பூட்டி, கம்பி இணைத்து அமைத்துக்கொள்கின்றனர்.

இது பொழுதுபோக்காளரின் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதன்று. தொழிலாளியின் அறிவு அவனிடமிருந்து பிரிந்து சென்று, அரை நூற்றாண்டு கழித்து வேறு வடிவில் அவன் பட்டறைக்கே திரும்பி வந்த வரலாறு இம்மேசையில் அடங்கியிருக்கிறது.

துளையிட்ட அட்டை

எந்திரத்திற்கு எழுத்தால் கட்டளையிடும் கலை இரும்பில் தோன்றவில்லை, பட்டில் தோன்றியது. பிரான்சு நாட்டின் லியோன் நகரம் பூவேலைப் பட்டுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு பூவை நெய்வதற்கு இருவர் வேண்டும். ஒருவர் நெசவாளர், மற்றவர், எந்தெந்தப் பாவு நூல்களை உயர்த்த வேண்டுமோ அவற்றின் கயிறுகளை வரிசை பிறழாமல் இழுக்கும் உதவியாள். பெரும்பாலும் அவ்வுதவியாள் ஒரு சிறுவனாகவே இருப்பான். நாள் முழுதும் கயிறு இழுக்கும் அவ்வேலை உடலை வருத்துவது. ஒரு கயிறு தவறினும் பூ கெடும்.

1725-இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட தாளைக் கொண்டு நூல்களைத் தெரிவு செய்யும் அமைப்பைச் செய்தார். அவருக்குப் பின் வந்தோர் அதனைத் திருத்தினர். 1804-இல் ஜோசப் மரி ஜக்கார்டு அவ்வழியை நிறைவு செய்தார். துளை இருக்கும் இடத்தில் ஊசி செல்லும். இல்லாத இடத்தில் நிற்கும். ஒரு வரி நெசவுக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்துத் தறியின்மேல் தொங்கவிட்டால் பூ தானே மலரும். கயிறு இழுத்த சிறுவனின் இடம் மறைந்தது. லியோன் நெசவாளர் இத்தறியை வெறுத்ததில் வியப்பில்லை. எனினும் அது பரவிற்று. இன்றும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின்மேல் ஜக்கார்டு பெட்டியைக் காணலாம்.

ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்து 1839-இல் லியோனில் ஒரு படம் வெளியிட்டனர். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த ஆங்கிலக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளையட்டையையே கட்டளைத் தாளாகக் கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித் துளையட்டைகளால் எண்ணி முடித்தார். பூ நெய்யப் பிறந்த அட்டை இவ்வாறு எண்ணும் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து அது உலோகம் செதுக்கும் தொழிலுக்குச் செல்ல மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

இறக்கையின் வளைவு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் (1913-2007) என்பவர் ஒரு தொழிற்சாலை நடத்திவந்தார். கல்லூரிப் பட்டம் பெறாதவர். இரண்டாம் உலகப் போரின்போது ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. இறக்கையின் குறுக்கு வடிவம் நேர்க்கோடும் அன்று, வட்டமும் அன்று, நுண்ணிய வளைவு. அதற்குரிய மாதிரித் தகடுகளைப் பிழையின்றிச் செய்ய வேண்டும். பார்சன்சும் அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலெனும் ஐ.பி.எம். துளையட்டைப் பொறியைக் கொண்டு அவ்வளைவின்மேல் அமையும் பல புள்ளிகளைக் கணக்கிட்டனர்.

புள்ளிகள் கிடைத்தபின் நடந்ததை நோக்குக. மில்லிங் எந்திரத்தின் ஒரு கைப்பிடியில் ஒருவர் நிற்பார். மற்றொரு கைப்பிடியில் இன்னொருவர் நிற்பார். எண் பட்டியலைப் படித்துக் கிடைத்தளவு இவ்வளவு, நெடுத்தளவு இவ்வளவு என்று அழைக்க, இருவரும் அவ்வளவே திருகுவர். புள்ளிக்குப் புள்ளி வெட்டி, இடையில் நிற்கும் சிறு மேடுகளை அரத்தால் ராவினால் வளைவு கிடைக்கும். பள்ளியில் மாணவர் கட்டத் தாளில் புள்ளி குறித்து வரைபடம் வரையும் முறையே இது. 1637-இல் தெக்கார்த்து வெளியிட்ட ஆயத்தொலைக் கணிதம் அந்த ஆலையில் எஃகின்மேல் செயற்பட்டது எனலாம். கைப்பிடியைத் திருகும் மனிதருக்குப் பதிலாக அட்டையே மோட்டாரைத் திருகினால் என்ன என்பதுதான் பார்சன்சின் வினா.

1949-இல் அமெரிக்க விமானப்படை அவருக்குப் பொருளுதவி தந்தது. மோட்டாரைத் துல்லியமாக இயக்கும் அறிவைப் பெற, பார்சன்ஸ் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தை நாடினார். விரைவில் விமானப்படை அக்கழகத்துடன் நேரடியாகவே ஒப்பந்தம் செய்துகொண்டது. எண்ணத்தைத் தந்தவர் ஓரத்துக்கு வந்தார். 1952 செப்டம்பரில் அக்கழகம் தன் எந்திரத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்தது. சின்சினாட்டி நிறுவனத்தின் பெரிய மில்லிங் எந்திரம் ஒன்று, துளையிட்ட தாள்நாடாவைப் படித்து மூன்று திசைகளிலும் தானே நகர்ந்தது. அதனை ஆளும் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்களும் மின் இணைப்பிகளும் நிறைந்திருந்தன. எந்திரத்தைவிட அதன் மூளை இடத்தை அடைத்தது. எண்வழிக் கட்டுப்பாடு எனும் துறை இவ்வாறு பிறந்தது. பார்சன்சுக்கும் ஸ்டூலெனுக்கும் 1985-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

நாடாவில் துளையிடுவது எளிய வேலை அன்று. ஒவ்வொரு வளைவுக்கும் கணக்கிட ஆள் வேண்டும். அக்கணக்கையும் கணிப்பொறியிடமே ஒப்படைக்க டக்ளஸ் ராஸ் என்பவரின் குழு ஏ.பி.டி. என்னும் கட்டளைமொழியை உருவாக்கியது. 1959 பிப்ரவரியில் அதனை அறிவித்தபோது, அம்மொழியால் செதுக்கிய அலுமினியச் சாம்பல் கிண்ணம் ஒன்றைச் செய்தியாளருக்கு வழங்கினர். சாம்பல் கிண்ணம் சிறிது. அதன் பின்னிருந்த செலவு பெரிது. பல்லாண்டுகள் இவ்வித்தை விமானப் படையின் பணத்திலும் விமான ஆலைகளின் கூரையிலும் மட்டுமே வாழ்ந்தது.

கைவிடப்பட்ட வழி

எந்திரத்திற்குத் திறனைக் கற்பிக்க மற்றொரு வழியும் அக்காலத்தில் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஒரு பொருளைத் தம் கையாலேயே செய்வார். அவருடைய அசைவுகள் காந்த நாடாவில் பதியும். பின்னர் நாடாவை ஓட்டினால் எந்திரம் அவ்வசைவுகளைத் திரும்பச் செய்யும். பாடகர் குரலைப் பதிந்து திரும்பக் கேட்பது போன்றதே இது. ஜெனரல் எலெக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் 1940களின் பிற்பகுதியில் இம்முறையை ஆராய்ந்தன.

எண்ணைக் கொண்டு ஆளும் முறையில் கட்டளை அலுவலகத்தில் பிறக்கிறது. பதிந்து ஓட்டும் முறையில் கட்டளை தொழிலாளியின் கையில் பிறக்கிறது. முதல் முறையே வென்றது. இதன் காரணம் யாது? வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வெளியிட்ட நூலில், பட்டறைத் தளத்தின் மேலிருந்த அதிகாரத்தை நிருவாகம் தன்வயப்படுத்த விரும்பியதே பெருங்காரணம் என்று வாதிட்டார். விமான இறக்கை போன்ற வடிவங்களை எக்கையாலும் பிழையின்றிச் செதுக்க இயலாது. ஆகவே பதிவதற்கு முதற்படியே கிடையாது என்பது மறுதரப்பு வாதம். இரு கூற்றிலும் உண்மை உண்டு. விமானத்திற்கு எண் வேண்டியிருந்தது என்பது மெய். விமானம் அல்லாத எளிய பொருள்களுக்கும் அதே வழி விதிக்கப்பட்டது என்பதும் மெய்.

ஆயினும் பதிந்து ஓட்டும் முறை தொழிலாளிக்கு நன்மையே செய்திருக்கும் என்று கூறிவிட முடியாது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த கர்ட் வானகட், அங்கே தானே இயங்கும் மில்லிங் எந்திரத்தைக் கண்டு, 1952-இல் 'பிளேயர் பியானோ' என்னும் புதினத்தை எழுதினார். அதில் வரும் கடைசல் தொழிலாளி ஒருவரின் அசைவுகளை நாடாவில் பதிந்துகொள்கின்றனர்; பின்பு அவருக்கு வேலை இல்லை. திறனைக் கணக்கால் எடுத்தாலும் நாடாவால் எடுத்தாலும், எடுத்தபின் அது யாருக்கு உரியது என்பதே கேள்வி என்று அப்புதினம் உணர்த்திற்று.

நெருப்பு கூர்மை பெற்ற கதை

இனி நெருப்பின் வரலாறு. 1903-ஐ ஒட்டி பிரான்சில் ஃபூஷே, பிகார் என்னும் இருவர் ஆக்சிஜனையும் அசெட்டிலினையும் கலந்து எரிக்கும் குழலைச் செய்தனர். விரைவில் கேஸ் கட்டிங் எனும் தொழில் தோன்றியது. அதன் தத்துவம் பலர் எண்ணுவதுபோல் இரும்பை உருக்குவதன்று, இரும்பை எரிப்பதாகும். எஃகைச் செஞ்சூடேற்றித் தூய ஆக்சிஜனைப் பாய்ச்சினால் எஃகே விறகாகி எரிந்து கசடாக விழும். இதனால் ஒரு குறையும் உண்டு. துருவேறா எஃகும் அலுமினியமும் இவ்வாறு வெட்டுப்படா. எரிந்து தோன்றும் அவற்றின் மேற்படலம் அடியிலுள்ள உலோகத்தைவிட உருகுதற்கு அரியது. அது கவசமாகி நெருப்பைத் தடுத்துவிடும்.

அக்காலக் கப்பல் தளங்களில் தகடு வெட்டுவதற்கு முன் வேறொரு கலை இருந்தது. மேல்மாடியில் அகன்ற மரத்தளம் இருக்கும். கப்பலின் ஒவ்வொரு வளைவையும் முழு அளவில் அத்தளத்தின்மேல் வரைந்து, அதற்கேற்ப மரத்தில் மாதிரி அறுத்து, அதைத் தகட்டின்மேல் வைத்துச் சுண்ணக்கட்டியால் குறிப்பர். அங்கே முழந்தாளிட்டுக் கோடு வரைந்தவர் தளத்தின் மதிப்புமிக்க தொழிலாளர் ஆவர். பின்னர் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த படத்தை ஒளிக்கண் பின்தொடர, வெட்டுக்குழல் அதைப் பத்து மடங்காகப் பெரிதாக்கி வெட்டும் எந்திரங்கள் வந்தன. 1960களில் நார்வே நாட்டுக் கப்பல் தளங்களில் எண்வழிக் கட்டளை வந்தது. படமும் தேவையில்லை, எண் போதும். மரத்தளங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முழந்தாளிட்டுக் கோடு வரைந்தவரின் பேரப்பிள்ளைகள் அக்கலையின் பெயரையும் அறியார்.

இதற்கிடையே மின்சாரம் நெருப்புக்கு வேறொரு கூர்மையைத் தந்தது. வாயுவைப் பெருவெப்பத்திற்கு ஆளாக்கினால் அதன் அணுக்களினின்றும் எலெக்ட்ரான்கள் பிரிந்து, அவ்வாயு மின்சாரத்தைக் கடத்தும் நிலையை அடைகிறது. திண்மம், நீர்மம், வளிமம் என்ற மூன்றுக்கும் அப்பாற்பட்ட நான்காம் நிலை இது. 1879-இல் வில்லியம் குரூக்ஸ் இந்நிலையைச் சுட்டினார். 1928-இல் இர்விங் லாங்முயர் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் பணியாற்றிய ராபர்ட் கேஜ், வெல்டிங் மின்சுடரைக் குறுகிய செப்புத் துளை வழியே நெருக்கிச் செலுத்தினால் அது அம்புபோல் நீண்டு, முன்னினும் வெப்பமும் விரைவும் பெறுவதைக் கண்டார். அதற்குரிய காப்புரிமை 1957-இல் வழங்கப்பட்டது. அச்சுடரின் நடுவே வெப்பம் 20,000 பாகை செல்சியசை எட்டும். எரிக்க வேண்டியதில்லை; மின்சாரம் கடத்தும் எவ்வுலோகமாயினும் உருக்கி ஊதித் தள்ளிவிடும். அலுமினியத்தின் கவசம் இங்கே பயன்படவில்லை.

தொடக்கத்தில் ஆர்கான், ஹைட்ரஜன் போன்ற விலைமிகுந்த வாயுக்களே பயன்பட்டன. 1960களின் முற்பகுதியில் சாதாரணக் காற்றைப் பாய்ச்சும் முறை வந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜன் டங்ஸ்டன் மின்முனையை அரித்துவிடுமாதலால், செப்பினுள் ஹாஃப்னியம் என்னும் உலோகத்தைப் பதித்த மின்முனைகள் தோன்றின. 1968-இல் ரிச்சர்ட் கவுச் சுடரைச் சுற்றி நீரைச் செலுத்தி வெட்டை மேலும் நேராக்கினார். அவர் பங்குகொண்டு தொடங்கிய ஹைப்பர்தெர்ம் நிறுவனம் பிளாஸ்மாத் துறையில் முன்னணிக்கு வந்தது. 1980கள் தொட்டு, கையால் தூக்கத்தக்க சிறு பிளாஸ்மாக் கருவிகள் பட்டறைகளுக்கு வந்தன. ஒரு மின்செருகியும் ஒரு கம்பிரசரும் இருந்தால் போதும். நெருப்பு மலிந்தது. எண்ணோ இன்னும் மலியவில்லை.

எண் மலிந்த விதம்

எண் மலிந்ததற்குத் துணைநின்றவை மூன்று.

முதலாவது, ஒரு சிறு கணக்கு. 1962-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் என்பவர், படம் வரையும் கருவி ஒன்றுக்குக் கோடு போடும் வழியைத் தேடினார். தாம் கண்ட முறையை 1965-இல் வெளியிட்டார். கருவியின் எழுதுகோல் கட்டம் கட்டமாகவே நகரும். கிடையில் ஏழு கட்டமும் நெடுக்கில் மூன்று கட்டமும் செல்ல வேண்டுமாயின், ஏழு அடிகளில் எந்த மூன்றில் மேலேற வேண்டும்? வகுத்தலும் பின்னமும் இன்றி, முழு எண்களைக் கூட்டியும் கழித்தும், விடை நேரா எதிரா என்று பார்த்தும் இதனைத் தீர்மானிக்கலாம் என்று அவர் காட்டினார். தொடக்கப்பள்ளி மாணவன் அறிந்த கணக்கு அது. ஆகவே மிக எளிய கணிப்பொறியும் அதனை விரைந்து செய்ய இயலும்.

இரண்டாவது, கணிப்பொறியின் வீழ்ந்த விலை. 1971-இல் ஒரு நகக்கண் அளவான சில்லில் கணிப்பொறியின் மூளை அடங்கியது. 1981-இல் ஐ.பி.எம். மேசைக் கணிப்பொறி வந்தது. அதன் பின்புறத்தில் அச்சு எந்திரத்தை இணைப்பதற்கு 25 துளைகள் கொண்ட ஓர் இணைப்புவாய் இருந்தது. எழுத்துகளை அனுப்ப அமைந்த அவ்வாயின் வழியே மோட்டார்களுக்குத் துடிப்புகளை அனுப்பலாம் என்பதைப் பட்டறைக்காரர் கண்டுகொண்டனர். அலுவலகம் எறிந்த பழைய கணிப்பொறி, கொட்டகையில் எந்திரத்தின் மூளையாயிற்று.

மூன்றாவதே முதன்மையானது. அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 1990களில், எந்திரங்களை ஆள்வதற்கான கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதியது. அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்க அரசு ஊழியர் தம் பணியில் எழுதுவது அந்நாட்டுச் சட்டப்படி எவருடைய தனியுடைமையும் ஆகாது. ஆகவே அத்தொகுப்பு பொதுமக்களின் கைக்கு வந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின்மேல் தன்னார்வலர் அதனை வளர்த்தனர். இன்று லினக்ஸ் சி.என்.சி. என்னும் பெயரால் அது வழங்குகிறது. அதன்பின், மாணவர்க்காக 2005-இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுவினோ என்னும் சிறு மின்பலகையில் அடங்குமாறு, நார்வே நாட்டவர் ஒருவர் 2009-இல் ஜி.ஆர்.பி.எல். என்ற தொகுப்பை எழுதி இலவசமாக வெளியிட்டார். 1952-இல் அலமாரிகளை நிறைத்த மூளை, உள்ளங்கையில் அடங்கிற்று.

போர்ச் செலவில் பிறந்த வித்தை, பொதுப் பணத்தில் எழுதப்பட்ட தொகுப்பாலும் கூலி கேளாத பலரின் உழைப்பாலும் தொழிலாளியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

மேசை அமையும் விதம்

வீட்டுப் பட்டறைக்காரர் மில்லிங் எந்திரத்தை விடுத்துப் பிளாஸ்மா மேசையை நாடுவது ஏன்? மில்லிங் எந்திரத்தில் இரும்பு இரும்பை அழுத்தி வெட்டுகிறது. அவ்வழுத்தத்தைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டும். அதனைக் கொட்டகையில் செய்ய முடியாது. பிளாஸ்மாச் சுடரோ தகட்டைத் தொடுவதில்லை. பாலம் சுமக்க வேண்டியது டார்ச்சின் எடையை மட்டுமே. ஆகவே சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து அமைத்த இலகுவான சட்டம் போதுமானது. ஆயின் அது நேராகவும் மூலைமட்டமாகவும் இருத்தல் வேண்டும். மெல்லிய தகட்டை நிமிடத்திற்குப் பல மீட்டர் விரைவில் வெட்ட நேர்வதால், பாலம் விரைந்து ஓடவும், திரும்புமிடத்தில் நடுங்காமல் நிற்கவும் வேண்டும். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டால், கணிப்பொறியின் துல்லியம் எதற்கும் உதவாது.

நகர்வுக்கு ஸ்டெப்பர் மோட்டார் பயன்படுகிறது. அது ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். ஒவ்வொரு படியையும் மின்சுற்று பத்தாகப் பகுத்தால் சுற்றுக்கு 2,000 துடிப்புகள். மோட்டார் மூன்று சுற்றுச் சுற்றப் பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுமாறு பெல்ட் அமைத்தால் 6,000 துடிப்புகள். அப்பற்சக்கரம் 20 பற்கள் உடையதாய், பல்லுக்குப் பல் 3.14 மில்லிமீட்டர் ஆயின், ஒரு சுற்றில் பாலம் 62.8 மில்லிமீட்டர் நகரும். 62.8-ஐ 6,000-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். நிமிடத்திற்கு மூன்று மீட்டர் ஓட வேண்டுமாயின் விநாடிக்கு ஏறத்தாழ 4,800 துடிப்புகள் வேண்டும். இக்கணக்கில் ஏழாம் வகுப்பு மாணவனுக்கு விளங்காதது ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1952-இன் எந்திரம் தான் நகர்ந்த தொலைவைத் தானே அளந்து திருத்திக்கொண்டது. எளிய ஸ்டெப்பர் மோட்டாரோ கட்டளையைக் கேட்கும். நகர்ந்தேனா என்று மறுமொழி கூறாது. தண்டவாளத்தில் ஒரு கசடுத் துளி தடுத்து ஒரு படி தவறினால், கணிப்பொறி அறியாமலே எஞ்சிய வேலை முழுதும் பிசகிப்போகும். ஆகவே தண்டவாளத்தைத் துடைத்து வைப்பதும் இங்கே கணிதத்தின் ஒரு பகுதி ஆகும்.

உயரம் காப்பது அடுத்த சிக்கல். டார்ச்சின் வாய் தகட்டினின்றும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டும். தகடோ சூட்டில் நெளியும். இதற்குச் சுடரின் மின்னழுத்தமே அளவுகோலாகிறது. சுடர் நீண்டால் அழுத்தம் கூடும், குறுகினால் குறையும். கூடினால் டார்ச்சை இறக்கு, குறைந்தால் ஏற்று என்பது விதி. இவ்விதியிலும் ஒரு பொறி உண்டு. கூர்மூலையில் பாலம் வேகம் தணிகிறது, வெட்டு அகல்கிறது, சுடர் தன் பற்றுக்கோட்டைத் தேடி நீள்கிறது, அழுத்தம் கூடுகிறது. டார்ச் உயர்ந்துவிட்டதெனக் கணிப்பொறி தவறாக எண்ணித் தகட்டில் மோதவிடும். ஆகவே மூலையை நெருங்கும்போது உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும்படி கட்டளை எழுத வேண்டும்.

முற்காலத்துக் கருவிகள் உயர் அதிர்வெண் மின்பொறியால் சுடர் பற்றவைத்தன. அம்மின்பொறி அருகிலிருந்த கணிப்பொறியைக் குழப்பி, பாலத்தை நிறுத்திவிடும். மின்முனையும் நாசிலும் ஒன்றையொன்று தொட்டிருந்து, காற்றழுத்தத்தால் பிரியும்போது சுடர் பிறக்கும் டார்ச்சுகள் வந்தபின் இத்தொல்லை தணிந்தது.

அபாயங்களையும் மறைத்தல் கூடாது. சுடரின் ஒளி கண்ணைக் கெடுக்கும். துருவேறா எஃகை வெட்டும் புகையில் புற்றுநோய் விளைக்கும் குரோமியச் சேர்மம் உண்டு. புகையை அடக்க மேசையின் அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பர். ஆனால் அலுமினியத்தை நீரின்மேல் வெட்டுங்கால் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கக்கூடும். சொந்தக் கொட்டகையில் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை. செய்தவனே காவலனும் ஆவான்.

திறன் சென்ற இடம்

மேசை அமைந்தபின் தொழிலாளியின் திறன் முற்றும் தேவையற்றதாகிவிட்டதா? இல்லை. நாசிலினின்றும் வாயு சுழன்று வெளிவருதலால், செல்லும் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராகவும் இடப்பக்க விளிம்பு சாய்ந்தும் அமையும். ஆகவே பொருளின் வெளிக்கோட்டை வலஞ்சுழியாகவும் உள்துளையை இடஞ்சுழியாகவும் வெட்ட வேண்டும். துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டை இறுதியில் வெட்ட வேண்டும்; மாறிச் செய்தால் பொருள் நழுவி விழும். சுடர் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் தின்னுமாயின், அதில் பாதியைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவைக்க வேண்டும். அடியில் ஒட்டும் கசடு திரண்டு எளிதில் உதிர்ந்தால் வேகம் குறைவு. மணி மணியாகக் கெட்டியாக ஒட்டினால் வேகம் மிகுதி. நாசில் தேய்ந்ததைச் சுடரின் ஓசையே கூறும். இவை யாவும் எண்ணாக மாறுமுன் ஒருவருடைய கண்ணிலும் காதிலும் இருந்தவை. இன்றும் அங்கேயே முதலில் பிறக்கின்றன.

அலுவலகத்தில் ஒருவர் எண்ணுவதும், தளத்தில் மற்றொருவர் செய்வதும் என்று 1950களில் பிரிந்த இரு வேலைகளும் இம்மேசையின் அருகே ஒருவரிடமே கூடுகின்றன. அவரே வரைகிறார், அவரே கட்டளை எழுதுகிறார், அவரே வெல்டிங் செய்கிறார், வெட்டு கெட்டால் எண்ணில் பிழையா, இரும்பில் பிழையா என்று அவரே தேடுகிறார். காலியான மரத்தளங்களை இது மீண்டும் நிரப்பிவிடாது. லியோன் நகரத்துச் சிறுவனுக்கும் கப்பல் தளத்துக் கோடு வரைந்தவருக்கும் நேர்ந்த இழப்பு இழப்பே. எனினும் எண்ணைக் கற்றவனிடமிருந்து எந்திரம் திறனைப் பறிக்கவில்லை. எண்ணைக் கற்பிக்காமல் விடப்பட்டவனிடமிருந்தே பறித்தது. அவ்வெந்திரத்தை ஆளும் அறிவு பூட்டிய அறையில் இருந்தவரை இந்நிலை மாறவில்லை. பூட்டுத் திறந்தபின் மாறத் தொடங்கியது.

இதில் ஆசிரியர்க்கு ஒரு செய்தி உண்டு. கட்டத் தாளில் புள்ளி குறிக்கும் பாடத்தை, தேர்வுக்காகப் படித்து மறக்கும் பாடமாக மாணவர் பலர் கருதுகின்றனர். கிடை இவ்வளவு, நெடு இவ்வளவு என்று அவர்கள் எழுதும் அவ்விரண்டு எண்களே, சற்று வேறு உருவில், எஃகின்மேல் நெருப்பை நடத்துகின்றன. கரும்பலகையில் அப்புள்ளியைக் குறிக்கும்போது இதனைச் சொல்லிக் கொடுத்தால், கணக்கில் பின்தங்கியவனென்று ஒதுக்கப்பட்டு, பட்டறைக்குத்தான் போவான் என்று கருதப்படும் மாணவனும் தலை நிமிர்ந்து பார்ப்பான். பட்டறைக்குப் போகிறவனுக்கே கணக்கு மிகுதியும் வேண்டும்.